எழுபது வருஷத்துக் கடிதம்

சிரம்பான், ரந்தாவ், போர்ட்டிக்சன் பக்கம் தமிழ்க் கிறிஸ்தவர் வீடுகளில் அதிகம் மாட்டப்பட்டிருக்கும் இலக்கியம் எது என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வேன்: எரேமியா 29-ஆம் அதிகாரம், 11-ஆம் வசனம். ஹாலில் கடிகாரத்துக்குப் பக்கத்தில் இருக்கும். லாரிக் கண்ணாடியில் ஒட்டியிருக்கும். எஸ்பிஎம் ரிசல்ட் வரும் நாளில் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் எல்லாம் அதுவாகவே இருக்கும். உன் வாழ்க்கைக்கு ஆண்டவரிடம் ஒரு திட்டம் இருக்கிறது, நல்ல திட்டம், அதை நம்பு என்பதுதான் பிரசங்கத்தில் அதற்குச் சொல்லப்படும் பொருள். டிசம்பர் 31 இரவு ஆராதனையில் தட்டில் வைத்து நீட்டப்படும் வாக்குத்தத்த அட்டைகளில் இந்த வசனம் வந்தவரைப் பக்கத்தில் இருப்பவர்கள் கொஞ்சம் பொறாமையோடுதான் பார்ப்பார்கள்.

இலக்கியம் என்று சொன்னதை யாரும் தப்பாக எடுக்க வேண்டாம். நான் ஞாயிறு ஆராதனைக்குப் போகிறவன்தான். ஆனால் இந்த வசனம் ஒரு கடிதத்தின் நடுவிலிருந்து பிய்த்து எடுக்கப்பட்டது. கடிதம் என்றால் எழுதியவர் ஒருவர் இருப்பார், பெற்றவர்கள் இருப்பார்கள், எழுத வேண்டிய நெருக்கடி ஒன்று இருக்கும். இவை எதுவும் அந்த அட்டையில் இல்லை. தமிழ் வாசகர்களுக்கு இது புதுசில்லை. புறநானூற்றின் 192-ஆம் பாட்டுக்கு நாம் செய்ததும் இதேதான். அதன் முதல் வரி மேடைதோறும் முழங்குகிறது. அதே பாட்டில் மலையாற்று வெள்ளம் இழுத்துக்கொண்டு போகும் தெப்பம் மாதிரி நம் உயிர் போகிறது என்று கணியன் பூங்குன்றனார் சொல்வது மேடைக்கு வருவதில்லை. முதல் வரியின் பெருமிதம் அந்தத் தெப்பத்தின் கையாலாகாத நிலையோடு சேர்ந்துதான் பிறக்கிறது. ஊரை இழந்தவன்தான் எல்லா ஊரையும் தன் ஊர் என்று சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது என்று அதை வாசிக்கவும் இடமுண்டு.

எரேமியாவின் கடிதம் யாருக்குப் போனது? கி.மு. 597-இல் பாபிலோன் ராஜா எருசலேமை மடக்கி, ராஜ குடும்பத்தையும் கைவினைஞர்களையும் கொல்லர்களையும் ஆயிரக்கணக்கில் பாபிலோனுக்குக் கொண்டுபோனான். அப்படிக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு, எருசலேமிலேயே தங்கிவிட்ட எரேமியா எழுதுகிறான். கடிதத்தின் முதல் செய்தியில் ஆறுதல் எதுவும் இல்லை. வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வையுங்கள், நீங்கள் இருக்கிற அந்த ஊரின் நலனுக்காக ஜெபம் பண்ணுங்கள் என்கிறது. அந்த ஊர் என்றால் அவர்களைப் பிடித்துக்கொண்டு போனவர்களின் ஊர். சீக்கிரம் திரும்பிவிடலாம் என்று சொல்கிற தீர்க்கதரிசிகளை நம்பாதீர்கள், எழுபது வருஷம் ஆகும் என்கிறது. அதற்கு அடுத்தபடிதான் சுவரில் தொங்கும் 11-ஆம் வசனம் வருகிறது.

எழுபது வருஷம். கடிதத்தை வாசித்துக் கேட்ட முப்பது வயது ஆள் ஒருவனை நினைத்துப் பாருங்கள். கணக்குப் போட அவனுக்கு இஞ்சினியரிங் டிகிரி தேவையில்லை. இந்த நல்ல முடிவு தனக்கு வராது என்று அங்கேயே புரிந்திருக்கும். பேரனுக்கு வரலாம்.

இங்கே தமிழ் வேதாகமம் ஒரு நுட்பமான உதவி செய்கிறது. இந்த வசனத்தில் வருவது ‘உங்கள்’. இன்றைய பேச்சில் மரியாதைக்காக ஒருவரையும் அப்படிச் சொல்வோம். பிரசங்கியார் ‘உங்களுக்கு’ என்கிறார், கேட்கிற ஒவ்வொருவரும் தனக்கு என்று எடுத்துக்கொள்கிறார். ஆனால் வேதத் தமிழில் கடவுள் தனி ஆளிடம் பேசினால் ‘நீ’தான். ஆபிரகாமுக்கும் நீ, தாவீது ராஜாவுக்கும் நீ. அந்தத் தமிழில் ‘உங்கள்’ என்றால் ஒரு கூட்டம். என் வயசுப் பிள்ளைகள் போனில் ஆங்கில வேதம் வாசிக்கிறார்கள். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்தான் என்பதால் இந்த வித்தியாசமே காணாமல் போய்விடுகிறது. ஒரு ஜனத்துக்கு எழுதிய கடிதத்தை யுபியு விண்ணப்பத்துக்கு வந்த பதில் மாதிரி வாசிக்க முடிவது இதனால்தான்.

இன்னொரு சொல்லும் இருக்கிறது. 1871-இல் முழுமையாக வெளிவந்த, இன்றுவரை நம் சபைகளில் புழங்கும் பழைய தமிழ் வேதாகமம் இந்த இடத்தில் ‘நினைவுகள்’ என்கிறது. ‘திட்டம்’ என்பது பிறகு வந்த எளிய மொழிபெயர்ப்புகளின் சொல். அப்போதைய ஆங்கில வேதத்திலும் எண்ணங்கள்தான். அங்கேயும் திட்டம் பிறகுதான் புகுந்தது. எபிரேய மூலச் சொல்லான மஹஷவோத் இரண்டுக்கும் இடம் கொடுக்கிறது. யாத்திராகமத்தில் ஆசரிப்புக் கூடாரத்தின் பொன், வெள்ளி, வெண்கல வேலைகளைக் கைவினைஞன் மனசில் யோசித்து வகுப்பதற்கும் இதே சொல்தான். ஆகவே ‘திட்டம்’ தப்பான மொழிபெயர்ப்பு என்று நான் சொல்லவில்லை. ஆனால் 2020-களில் ஒரு மலேசியத் தமிழன் காதில் திட்டம் என்ற சொல் எப்படி விழுகிறது? தொடக்கத் தேதி, முடிவுத் தேதி, நடுவில் பெட்டி பெட்டியாக வேலைகள். படிப்பு, வேலை, மைவி கார், கல்யாணம், டபுள் ஸ்டோரி வீடு. நான் பிழைப்பதே இப்படிப்பட்ட அட்டவணைகளில்தான். எனக்குத் தெரிந்து எந்த வரைபடமும் முதல் ரிவிஷனிலேயே கட்டி முடிக்கப்பட்டதில்லை. எரேமியாவின் 18-ஆம் அதிகாரத்தில் வரும் குயவன்கூட, சக்கரத்தில் இருந்த பாண்டம் கெட்டுப்போனதும் அதே மண்ணை வேறு பாண்டமாக வனைகிறான். அந்தக் கடவுளின் நினைவுக்குள் ரிவிஷன் அடக்கம். நம் பிரசங்கத்துத் திட்டத்துக்குள் அது இல்லை. மெட்ரிகுலேஷன் இடம் கிடைத்தவன் மைக் பிடித்துச் சாட்சி சொல்கிறான். கிடைக்காதவன் கடைசி வரிசையில் உட்கார்ந்து, ஆண்டவருடைய திட்டத்தை நாம்தான் எங்கேயோ தவறவிட்டுவிட்டோம் போல என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். சாட்சி என்கிற வடிவத்தைப் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை எழுதலாம். இங்கே வேண்டாம்.

என் பாட்டி ரந்தாவ் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் நாற்பது வருஷத்துக்கு மேல் கித்தா மரம் வெட்டியவர். விடியற்காலை பெரட்டு, நெற்றியில் விளக்கு, மங்கு, தோம்பு, மழை பெய்தால் சம்பளம் போச்சு. அவர் வாயில் தேவனுடைய திட்டம் என்ற சொல்லை நான் கேட்டதே இல்லை. அவருடைய முழு இறையியலும் ஒரே வார்த்தை: “பாத்துக்குவாரு.” மகனுக்கு மஞ்சள் காமாலை வந்தபோதும் பாத்துக்குவாரு. தோட்டத்தை விற்கப்போகிறார்கள் என்று கிராணி வந்து சொன்னபோதும் பாத்துக்குவாரு. சின்ன வயசில் எனக்கு இது எரிச்சலாக இருக்கும். யாரு பாத்துக்குவாரு, எப்ப பாத்துக்குவாரு?

ஆதியாகமம் 22-ஐக் கவனமாக வாசித்த பிறகுதான் அந்தச் சொல் எங்கிருந்து வந்திருக்கும் என்று பிடிபட்டது. ஈசாக்கு பலிக்கு ஆடு எங்கே என்று கேட்கிறான். ஆபிரகாம் சொல்லும் பதிலில் தமிழ் வேதாகமம் போடும் வினை ‘பார்த்துக்கொள்வார்’. எபிரேயத்திலும் அது ‘பார்’ என்ற வினைதான். யேகோவாயீரே என்று நாம் பாடும் பெயருக்குள் இருப்பதும் அதே பார்வை. ஆங்கிலத்தில் அது பெரும்பாலும் ‘கொடுப்பார்’, ‘ஏற்பாடு செய்வார்’ என்று ஆகிவிடுகிறது. தமிழில் ‘பார்த்துக்கொள்’ என்ற ஒரே சொல்லுக்குள் கண்ணும் இருக்கிறது, கவனிப்பும் இருக்கிறது. மாட்டைப் பாத்துக்கோ, தம்பியைப் பாத்துக்கோ என்பது மாதிரி.

இப்போது நம் இளைஞர் கூட்டங்களில் தரிசனம் என்ற சொல் எப்படிப் புழங்குகிறது என்று பாருங்கள். “உன் தரிசனம் என்ன? உன் வாழ்க்கையைப் பற்றி ஆண்டவர் வைத்திருக்கிற தரிசனம் என்ன?” ஐந்து வருஷத்தில் எங்கே இருப்பாய் என்று இண்டர்வியூவில் கேட்கிற கேள்விக்கு வேதத் தமிழ் உடுத்திவிட்ட மாதிரி. இந்த வகைத் தரிசனத்தில் எதிர்காலத்தைப் பார்க்க வேண்டியவன் நான். என் கண் கூர்மையாக இருக்க வேண்டும், மங்கினால் குற்றம் என்னுடையது. பாட்டியின் சொல்லில் பார்ப்பவர் அவர். பாட்டிக்கு ஒன்றும் தெரிய வேண்டிய அவசியம் இல்லை. எரேமியாவின் கடிதமும் இந்தப் பக்கம்தான் நிற்கிறது. அந்த நினைவுகளைத் தெரிந்தவர் கடவுள் என்றுதான் அது சொல்கிறது. அகதிகளுக்கும் தெரியும் என்றோ, தேடிக் கண்டுபிடியுங்கள் என்றோ சொல்லவில்லை. அவர்கள் கையில் கொடுத்த வேலை வீடும் தோட்டமும் கல்யாணமும்.

நெகிரி செம்பிலானில் தரிசனத்துக்கு எப்போதுமே பஞ்சம் இருந்ததில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1991-இல் மகாதீர் வவாசான் 2020-ஐ அறிவித்தார். நாங்கள் பள்ளியில் அதற்குப் பாட்டுப் பாடி, கட்டுரை எழுதி வளர்ந்தோம். அப்புறம் சிரம்பான், போர்ட்டிக்சன் மாவட்டங்களில் பழைய தோட்ட நிலங்கள் மேல் வரையப்பட்ட பெருந்திட்டத்துக்குப் பெயரே மலேசியா விஷன் வேலி. தரிசனப் பள்ளத்தாக்கு! எசேக்கியேலின் எலும்புப் பள்ளத்தாக்கு ஞாபகம் வருவதை என்னால் தடுக்க முடியவில்லை. கித்தா போய்ச் செம்பனை வந்தது, செம்பனை போய் வீடமைப்பு வந்தது. ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவருடைய தொலைநோக்கில் தோட்டத்துத் தமிழர்கள் ஒரு கட்டம் இடம் மாற்றி வைக்கப்பட்டார்கள். இத்தனை விஷன்களுக்கு நடுவில் வாழ்ந்த மக்களிடம் வந்து, ஆண்டவரிடமும் ஒரு மாஸ்டர் பிளான் இருக்கிறது என்று சொன்னால், அது நற்செய்தியாகத்தான் கேட்கும் என்று எப்படி நினைக்கிறோம்?

ஹெச்.ஏ. கிருஷ்ணபிள்ளையின் இரட்சணிய யாத்திரிகம் 1894-இல் வெளிவந்தது. ஜான் பன்யனின் பரதேசியின் பயணத்தைக் கம்பனின் வழியில் காவியமாக்கியது. தமிழ்க் கிறிஸ்தவ இலக்கியத்தில் விசுவாச வாழ்க்கைக்கு நமக்குக் கிடைத்த பெரிய படிமம் அதுதான்: அழியப்போகும் ஊரை விட்டு ஒருவன் கிளம்புகிறான், முன்னால் பரம நகரம். 1858-இல் வைணவக் குடும்பத்திலிருந்து வெளியேறி ஞானஸ்நானம் பெற்ற மனிதர் அந்தக் கதையைத் தேர்ந்தெடுத்ததில் ஆச்சரியமில்லை. அவருக்கு விசுவாசம் என்றால் கிளம்புவது. ஆனால் நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கி, கங்காணி காட்டிய லயத்துக்குள் நுழைந்தவனுக்குக் கிளம்புதல் ஏற்கெனவே நடந்து முடிந்துவிட்டது. அவனுடைய கேள்வி வேறு. இனி இங்கே எப்படி இருப்பது? அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் தமிழ்க் கிறிஸ்தவக் காவியம் எதுவும் என் கண்ணில் பட்டதில்லை. நான் வாசித்த மலேசியத் தோட்ட நாவல்களில் மாரியம்மன் கோயில் வருகிறது, முனியாண்டி வருகிறார், சாமியாடுவது பக்கம் பக்கமாக வருகிறது. லயத்துக் கடைசியில் தகரக் கூரை போட்ட சின்னச் சபை ஒரு பத்தியைத் தாண்டுவதில்லை. எரேமியாவின் கடிதத்தை அந்த எழுதப்படாத நாவலின் முன்னுரையாக நான் வாசிப்பதுண்டு.

எரேமியாவுக்கு எதிர்த்தரப்பு ஒன்று இருந்தது. 28-ஆம் அதிகாரத்தில் அனனியா என்கிற தீர்க்கதரிசி ஆலயத்தில் எல்லாருக்கும் முன்னால் நின்று, இரண்டே வருஷம், எல்லாரும் திரும்பி வந்துவிடுவார்கள் என்கிறான். அடையாளமாக எரேமியா கழுத்தில் மாட்டியிருந்த மர நுகத்தைப் பிடுங்கி உடைத்துப் போடுகிறான். பிரமாதமான மேடை நாடகம். கைதட்டல் கேட்டிருக்கும். அனனியாவைக் கள்ளத் தீர்க்கதரிசி என்று ஒரே சொல்லில் முடிப்பதில் எனக்கு விருப்பமில்லை. எரேமியாவே முதலில் ஆமென், அப்படியே ஆகட்டும் என்றுதான் பதில் சொல்கிறான். இரண்டு வருஷத்தில் விடுதலை வரவேண்டும் என்று ஆசைப்படுவதில் என்ன பாவம்? ரஜூலா கப்பலில் வந்தவர்கள் எல்லாரும் ரெண்டு மூணு வருஷத்தில் காசு சேர்த்து ஊருக்குத் திரும்பிவிடலாம் என்றுதான் வந்தார்கள். அந்த ரெண்டு மூணு வருஷம் நீண்டு நீண்டு, சிவப்பு ஐசி வைத்துக்கொண்டு, நீல ஐசிக்கு மனு மேல் மனு போடாமலேயே பல பேர் காலத்தைக் கடத்தினார்கள். 1969-க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமானபோது ஆயிரமாயிரம் பேர் மூட்டை கட்ட வேண்டி வந்தது. ஊர் என்று நினைத்துக்கொண்டு போன இடத்திலும் அவர்களுக்காக யாரும் காத்திருக்கவில்லை. அனனியா சொன்ன ஆறுதலுக்கு விலை உண்டு. அதைக் கட்டுவது கேட்டவர்கள்.

ஆனால் எரேமியாவின் கடிதத்திலும் எனக்கு ஒரு சண்டை இருக்கிறது. அதில் கடவுள், நான் உங்களைச் சிறைப்பட்டுப் போகச் செய்த ஊர் என்கிறார். நெபுகாத்நேச்சார் செய்ததைத் தன் பெயரில் எழுதிக்கொள்கிறார். இதைக் கொஞ்சம் அசந்து வாசித்தால், துரை செய்ததும் கங்காணி செய்ததும் ஆண்டவர் சித்தம் என்று ஆகிவிடும். ஊரின் நலனுக்காக ஜெபம் பண்ணு என்பது வாயைப் பொத்திக்கொண்டு வேலையைப் பார் என்பதாக மாறிவிடும். பாட்டியின் பாத்துக்குவாரு மேல் எனக்கு இருக்கிற சந்தேகமும் இதுதான். யூனியனில் சேர வேண்டிய கையை அந்தச் சொல் எத்தனை முறை மடக்கி வைத்திருக்கும்? 1942, 43-இல் மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்களைச் சயாம் ரயில் பாதைக்கு ஏற்றிப்போனார்கள். திரும்பாதவர்கள் பல பத்தாயிரம். அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ அதைத்தான் எழுதுகிறது. அந்த முகாம்களின் மேல் 11-ஆம் வசனத்தை ஒட்டிப் பாருங்கள். ஒட்டாது.

நம் மாநிலத்துக்குள்ளேயே அதே காலத்தில் நடந்த ஒன்று உண்டு. 1943 கடைசியில், சிங்கப்பூரில் உணவுத் தட்டுப்பாடு முற்றியபோது, அங்கிருந்த யூரேசிய, சீனக் கத்தோலிக்கர்களை ஜப்பானியர் பஹாவுக்குக் குடியேற்றினார்கள். தலைமை ஏற்றவர் மலாக்கா மறைமாவட்ட ஆயர் ஆட்ரியன் டெவல்ஸ். நகரத்து ஆட்கள், குமாஸ்தாக்கள், ஆசிரியர்கள். வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள் என்ற எரேமியாவின் உத்தரவை எழுத்துக்கு எழுத்து செய்து பார்த்த இடம் என்றே சொல்லலாம். மண் ஒத்துழைக்கவில்லை. மலேரியா நூற்றுக்கணக்கானவர்களைக் கொண்டுபோனது. ஆயரும் சங்குல் பிடித்து அவர்களோடு நிலம் கொத்தினார். காலில் பட்ட காயம் முற்றி 1945 ஜனவரியில் இறந்துபோனார். போர் முடிந்ததும் மிஞ்சியவர்கள் சிங்கப்பூருக்குத் திரும்பினார்கள். பஹாவ் கடவுளின் திட்டமா, ஜப்பானியரின் திட்டமா, ஆயரின் தப்புக் கணக்கா? பேரிழப்பில் முடிந்த முயற்சி என்று வரலாறு எழுதும். எனக்கு அதில் வேறொன்று கண்ணில் படுகிறது. பாதுகாப்பான இடத்தில் இருந்துகொண்டு கடிதம் மட்டும் அனுப்பியவர் இல்லை அவர்.

எரேமியாவும் அப்படித்தான். அதனால்தான் என் சண்டையை மீறி அவன் கடிதத்தை என்னால் மதிக்க முடிகிறது. எல்லாருக்கும் கல்யாணம் செய்து பிள்ளை பெறுங்கள் என்று எழுதியவனுக்கு, 16-ஆம் அதிகாரத்தில், நீ பெண்டாட்டி கட்டாதே என்று உத்தரவு. கடவுள் தன்னை ஏமாற்றிவிட்டதாக முகத்துக்கு நேரே சொல்லி, தான் பிறந்த நாளைச் சபிக்கிறான். எருசலேம் விழுந்தபிறகு, போகவே கூடாது என்று அவன் சொன்ன எகிப்துக்கு அவனையே இழுத்துக்கொண்டு போகிறார்கள். எழுபது வருஷத்தின் முடிவை அவன் பார்க்கவில்லை. சுவரில் தொங்கும் வசனத்தை எழுதியவனின் வாழ்க்கையை வாக்குத்தத்த அட்டையில் அச்சடித்தால் அந்த அட்டையை யாரும் எடுக்கமாட்டார்கள்.

அந்தப் புத்தகத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் 32-ஆம் அதிகாரம். பாபிலோன் படை எருசலேமைச் சுற்றி முற்றுகை போட்டிருக்கிறது. எரேமியா காவல் முற்றத்தில் கைதி. அந்த நேரம் பார்த்து அவன் சித்தப்பா மகன் வந்து, ஊரில் இருக்கும் என் நிலத்தை வாங்கிக்கொள் என்கிறான். எதிரிப் படை நிற்கிற நிலம். சல்லிக்காசு பெறாது. எரேமியா பதினேழு சேக்கல் வெள்ளியைத் தராசில் நிறுத்துக் கொடுத்து வாங்குகிறான். சாட்சிகள் கையெழுத்துப் போடுகிறார்கள். பத்திரம் இரண்டு பிரதி, ஒன்று முத்திரை போட்டது, ஒன்று திறந்தது. இரண்டையும் மண்பானைக்குள் வைக்கச் சொல்கிறான், ரொம்ப நாள் இருக்கணும் என்பதற்காக. ஒரு கிராணியின் துல்லியத்தோடு எழுதப்பட்ட பகுதி. தரிசனம், இடி, மின்னல் எதுவும் இல்லை. எல்லாம் முடிந்தபிறகு ஜெபத்தில், நகரம் எதிரி கையில் போய்க்கொண்டிருக்கிறது, இந்த நேரத்தில் நிலம் வாங்கச் சொல்கிறீரே என்று குழம்புகிறான். முதலில் வாங்கிவிட்டு அப்புறம்தான் குழம்புகிறான்.

பாட்டிக்குப் பத்திரம் இருந்ததில்லை. லயம் கம்பெனிக்குச் சொந்தம், லயத்துக்குப் பின்னால் அவர் போட்ட முருங்கையும் கறிவேப்பிலையும் வெண்டையும்கூடச் சட்டப்படி கம்பெனி மண்ணில் நின்றவைதான். தோட்டம் கைமாறப்போகிறது என்று எல்லாருக்கும் தெரிந்த வருஷத்திலும் அவர் புதுசாக ஒரு மாங்கன்று நட்டார். எதுக்குப் பாட்டி, காய்க்கிறதுக்குள்ள நம்மள அனுப்பிடுவானுங்களே என்று மாமா கேட்டதற்கு, எவனாச்சும் திம்பான்டா என்றார்.